ஹெட்விக் வெட்டிய சீட்

கறிக்கடை ஓமருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கல்லாவில் உட்கார்ந்தாள். இளையவள் ஹெட்விக், சைக்கிளில் வீடு வீடாகக் கறிப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தாள். முன்னால் பெரிய இரும்புக் கூடை வைத்த சைக்கிள் அது. சீட் பலகை மாதிரி அகலம், அடியில் இரண்டு தடித்த ஸ்பிரிங். அதில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, கூடை நிறையத் தொத்திறைச்சியும் பன்றி விலாவுமாக, எங்கள் ஸ்டேன்பெக் ஊரின் கல்ரோட்டு மேட்டில் ஏறுவாள். அவள் இறங்கித் தள்ளி யாரும் பார்த்ததில்லை. ஏறுகிறபோதே எதிரில் வருகிறவர்களிடம் நாளைக்கு ஈரல் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு போவாள். மூச்சு வாங்காது.

எங்கள் ஊர்த் திருவிழாவில் ஆண்களுக்கான ரேஸ் எப்போதும் உண்டு. அந்த வருஷம் பெண்களுக்கும் ஒன்று வைத்தார்கள். வைத்தவர்களின் எண்ணம் எங்களுக்குத் தெரியும். பீர்க் கோப்பையோடு ஓரத்தில் நின்று சிரிக்க ஆண்களுக்கு ஒரு சாக்கு. ஹெட்விக் யாரிடமோ இரவல் வாங்கிய ரேஸ் சைக்கிளில் வந்தாள். நானும் ஓட்டினேன். மேட்டில் என்னைத் தாண்டிப் போனவளின் முதுகைத்தான் அதற்கப்புறம் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை.

முடிவுக் கோட்டருகே ஃபிர்மின் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலத்தில் பெரிய ரேஸ்களில் ஓட்டியவர், அப்போது தரை ஓடு விற்கிற ஒரு கம்பெனியின் காசில் பெண்கள் டீம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் அவர் சொன்னால் பாதிரியார் சொன்ன மாதிரி.

"யாரு பொண்ணு நீ?" என்றார் ஹெட்விக்கிடம்.

"கறிக்கடை ஓமர் பொண்ணு."

"அதானே பாத்தேன். தொடையே சொல்லுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹெட்விக்கும் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் டீமில் இடம் கிடையாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அடுத்த வாரம் எங்கள் இருவரையும் எடுத்துக்கொண்டார். இனிமேல் பொட்டலம் யார் கொண்டுபோவது என்று ஓமர் ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தார். மறுநாள் கடைக்கு வந்த எல்லோரிடமும், "எம் பொண்ண ஃபிர்மின் எடுத்துக்கிட்டாரு" என்று சொன்னார்.

டீமில் எங்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள், ஜெர்ஸி கொடுத்தார்கள், உள்ளே ஆட்டுத்தோல் தைத்த கால்சட்டை கொடுத்தார்கள். சீட் ஒரு சீட் கம்பெனி கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே சீட். ஆண்கள் டீமுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான். கறுப்புத் தோல், கத்தி மாதிரி மெலிவு, முன்மூக்கு நீளம், கட்டையில் தோல் போர்த்திய கடினம். உட்கார்ந்து பார்த்த முதல் நாளே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கொஞ்ச நாள் வலிக்கும்" என்றார் ஃபிர்மின். "சீட்டு உங்களுக்குப் பழகாது, நீங்கதான் சீட்டுக்குப் பழகணும். புதுச் செருப்பு கடிக்கலயா? அந்த மாதிரி."

செருப்புக் கடித்தால் காலைக் காட்டலாம். இது காட்ட முடியாத இடம். அந்த இடத்துக்கு எங்கள் பேச்சில் பெயர்கள் நிறைய உண்டு, எல்லாம் ஆண்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளப் பயன்படுகிறவை. நாங்கள் வைத்துப் பேச ஒன்றுகூட இல்லை. அதனால் "கீழ" என்போம், அல்லது பேசாமலிருப்போம். பயிற்சி முடிந்து குளியலறையில் தண்ணீர் பட்டதும் ஒவ்வொருத்தியும் ஒரு சத்தம் எழுப்புவாள். அந்தச் சத்தத்தை வைத்து யாருக்கு எவ்வளவு என்று மற்றவர்கள் தெரிந்துகொள்வோம்.

எனக்கும் வலித்தது. ஆனால் நான் குழுவின் வாலில் ஓட்டுகிறவள், அடிக்கடி எழுந்து நின்று மிதிப்பேன், சோர்ந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். ஹெட்விக் முன்னால் போகிறவள். காற்றை உடைத்துக்கொண்டு, இடுப்பை மடித்து, மார்பு ஹேண்டில்பாரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து மணிக்கணக்கில் அப்படியே ஓட்டுவாள். யாருக்கு நன்றாக ஓட்ட வருமோ அவளுக்குத்தான் அதிகமாக வலித்தது.

ஹெட்விக் புலம்புகிற ஜாதி இல்லை. ஏன் என்று யோசிக்கிற ஜாதி. கறிக்கடையில் வளர்ந்தவளுக்கு உடம்பில் எது எலும்பு, எது சதை, எது எதன்மேல் உட்காருகிறது என்பதில் கூச்சமும் கிடையாது. ஒரு நாள் பயிற்சியில் என் பக்கத்தில் ஓட்டியபடி சொன்னாள்:

"ஜனீன், கூடை சைக்கிள்ல நாள் பூரா போவேன், ஒண்ணும் பண்ணாது. ஏன் தெரியுமா? நிமிந்து உக்காந்தா பாரம் பின்னாடி ரெண்டு எலும்புல நிக்குது. எலும்பு தாங்கும். இதுல குனிஞ்ச உடனே இடுப்பு முன்னாடி உருண்டுருது. பாரம் பூரா சீட்டு மூக்கு மேல. அங்க எலும்பா இருக்கு?"

"அப்ப அந்தக் கூடை சைக்கிள் சீட்டையே இதுல மாட்டிக்கயேன்" என்றேன் விளையாட்டாக.

"மாட்டிப் பாத்துட்டேன். தொடை உரசுது. ரெண்டு தொடையும் தோலுரிச்ச முயல் மாதிரி ஆயிருச்சு. அது நிமிந்து உக்காரதுக்கு உள்ளது."

அதற்கப்புறம் அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்தாள். வலி குறைந்தது, ஆனால் உடம்பு முன்னால் வழுக்கி வழுக்கி, பாரமெல்லாம் கையில் இறங்கி, ராத்திரிச் சாப்பாட்டில் முட்கரண்டியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. சந்தையில் மெத்தை உறை ஒன்று வாங்கிப் போட்டாள். முதலில் சொர்க்கம் என்றாள். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் எலும்பு இரண்டும் மெத்தைக்குள் புதைந்து, நடுவில் இருக்கிற மெத்தை மேலே எழும்பி, அழுத்தக் கூடாத இடத்தைத்தான் அழுத்தியது. அன்றைக்கே அதைக் கழற்றி எறிந்தாள்.

அப்புறம் அந்தக் கொழுப்புத் தட்டு. ஓமர் பன்றிக் கொழுப்பை உருக்கிப் பெரிய தட்டுகளில் ஊற்றி, உறைந்ததும் பாளம் பாளமாக வெட்டி விற்பார். ஒரு தட்டின் மேல் மெழுகுத்தாள் போட்டு, தரையில் வைத்து, ரேஸில் குனிகிற மாதிரி குனிந்துகொண்டு ஹெட்விக் அதன்மேல் உட்கார்ந்தாள். எழுந்தபோது கொழுப்பில் இரண்டு பள்ளம். ஓமரின் முழக்கோலை எடுத்து ஒரு பள்ளத்திலிருந்து இன்னொன்றுக்கு அளந்தாள். பிறகு சீட்டின் பின்பக்கத்தை அளந்தாள். பள்ளங்கள் இரண்டும் சீட்டுக்கு வெளியே போயின. அவள் எலும்பு இரண்டுக்கும் அந்தச் சீட்டில் உட்கார இடமே இல்லை. இத்தனை நாளும் அவள் உட்கார்ந்திருந்தது எலும்பின்மேல் இல்லை, நடுவில்.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா உள்ளே வந்துவிட்டாள்.

"அடி பாவி! என்னடி பண்ற?"

"அளக்குறேன்மா."

"எத?"

ஹெட்விக் சொன்னாள். அம்மா தட்டையும் பள்ளங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அகலக் கத்தியால் கொழுப்பைச் சமமாகத் தடவிவிட்டு, "உங்கப்பாகிட்ட சொல்லித் தொலைக்காத. நாளைக்கு இத விக்கணும்" என்றாள். இதை ஹெட்விக் எங்களிடம் சொன்னபோது குளியலறையில் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தச் சீட்டைப் பற்றி நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஃபிர்மினிடம் போனாள். நானும் கூட நின்றேன். டீம் வண்டிக்குப் பின்னால் ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேற சீட்டு வேணும். பின்பக்கம் இன்னும் அகலமா, மூக்கு குட்டையா."

"சமையக்கட்டு நாற்காலி வேணுமா? ஏற்பாடு பண்றேன்."

"நெசமாத்தான் கேக்குறேன். ரத்தம் வருது."

சக்கரத்தை நிறுத்தாமல் சொன்னார்: "மாசா மாசம் வர்றதுதானே."

"அது இல்ல."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்தப் பேச்சு அவர் காதில் விழக் கூடாத பேச்சு. "இங்க பாரு புள்ள. எங்க காலத்துல புண்ணுக்குக் கால்சட்டைக்குள்ள ஒரு துண்டு பச்சக் கறி வச்சுக்கிட்டு ஓட்டுவோம். மலை மேல மலை. யாரும் சீட்டு மாத்துன்னு கேக்கல. உங்கப்பன் கடையில கறிக்கா பஞ்சம்?"

"கறி ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒண்ணுதான். உக்கார்ற இடம் ஒண்ணு இல்ல" என்றாள் ஹெட்விக்.

டீம் மெக்கானிக் வண்டிக்குள்ளிருந்து களுக்கென்று சிரித்தான். ஃபிர்மினுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "சீட்டு கம்பெனி காசு குடுக்குது. அவங்க குடுத்த சீட்டுலதான் உக்காரணும். முடியாதவ கூடை சைக்கிளுக்கே போலாம்."

வீட்டுக்குப் போன ஹெட்விக், எலும்பிலிருந்து சதை பிரிக்கிற மெல்லிய கத்தியைக் கல்லில் தீட்டினாள். சீட்டைக் கழற்றிக் கறிவெட்டும் கட்டைமேல் வைத்து, நடுவில், மூக்கிலிருந்து பின்பக்கம் வரை விரல் அகலத்துக்கு ஒரு நீளத் துண்டை அறுத்து எடுத்தாள். தோலை அறுத்தாள், அடியில் இருந்த கெட்டியான அட்டையையும் அறுத்தாள். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினாள். அறுத்ததில் மிச்சத் தோலைப் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் வைத்துத் தைத்து அகலமாக்கினாள். எல்லாவற்றுக்கும் மேலே ஹேண்டில்பாருக்குச் சுற்றுகிற கறுப்பு நாடாவைச் சுற்றினாள். பார்க்க அசிங்கமாக, வாய் பிளந்த தவளை மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு பயிற்சியில் பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. நான் பயந்துபோனேன்.

"என்ன, வலிக்குதா?"

"இல்லடி" என்றாள். "வலிக்கல."

வசந்த காலத்தில் வந்த பெரிய ரேஸ்களில் ஒன்றை அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து ஜெயித்தாள். கல்ரோட்டில், எதிர்காற்றில், கடைசி மேட்டில் தன்னோடு வந்த இரண்டு பேரையும் கழற்றிவிட்டுவிட்டுத் தனியாக வந்தாள். ஃபிர்மின் அவளைத் தூக்கிச் சுற்றினார். ஓமர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார், கறிக்கறை அங்கியைக்கூடக் கழற்றவில்லை. ஒரு வாரத்துக்கு ஊரில் கறி வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு தொத்திறைச்சி சும்மா கொடுத்தார்.

கெடுத்தது புகைப்படம். பத்திரிகைக்காரன் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னாலிருந்து எடுத்திருந்தான். கை இரண்டையும் தூக்கி அவள் வாய்விட்டுச் சிரிக்க, அவளுக்கு அடியில் நாடா சுற்றிய அந்தத் தவளை வாய் பளிச்சென்று தெரிந்தது.

சீட் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஒட்டகநிறக் கோட்டு, மெல்லிய தோல் கையுறை. சைக்கிளைச் சுற்றி வந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கோபப்படுவார் என்று பார்த்தால் படவில்லை. "இத நீங்களே செஞ்சதா? எத வச்சு வெட்டுனீங்க? எத்தன கிலோமீட்டர் தாங்குச்சு? இந்தப் பக்கம் ஏன் சரிவா வெட்டியிருக்கு?" என்று ஒன்றொன்றாகக் கேட்டார். யாராவது ஒருத்தர் இதைக் கேட்கமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தவள் ஹெட்விக். எல்லாம் சொன்னாள். எலும்பு, பாரம், குனிவது, நிமிர்வது, மெத்தை ஏன் ஆகாது, கொழுப்புத் தட்டு வரைக்கும். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தச் சீட்டைக் கழற்றச் சொல்லி, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

"இத நாங்க பாக்கணும்" என்றார் ஹெட்விக்கிடம். ஃபிர்மினிடம் திரும்பியபோது குரல் மாறியது. "எங்க பேர் போட்ட சீட்ட வெட்டி, அதுவும் போட்டோவுல வர்ற மாதிரி... இன்னொரு தடவ இப்படி நடந்தா உங்களுக்கு வேற கம்பெனிதான்."

அவர் போன பிறகு ஃபிர்மின் ஹெட்விக்கிடம் கத்தவில்லை. புதுச் சீட் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தார். அதே கறுப்பு, அதே மெலிவு. "நேஷனல் ரேஸ் இதுல ஓட்டு. ஓட்டி முடிச்சுட்டு வா, உனக்கு வேற பாக்கலாம். சத்தியமா."

அவள் ஏன் ஒப்புக்கொண்டாள் என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த ரேஸில் நன்றாக ஓட்டினால் உலகப் போட்டிக்குப் போகும் டீமில் இடம். அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வாள்?

அன்றைக்கு மழை. கல்ரோடு முழுக்கச் சேறு. நனைந்த ஆட்டுத்தோல் கால்சட்டைக்குள் மணல் புகுந்துவிடும், உப்புத்தாள்மேல் உட்கார்ந்த மாதிரிதான். பாதி தூரம் வரை அவள் முன்வரிசையில் இருந்தாள். அப்புறம் எழுந்து எழுந்து மிதிக்க ஆரம்பித்தாள். எழுந்து நின்றே எவ்வளவு தூரம் ஓட்ட முடியும்? நான் வழியில் விலகிவிட்டேன், டீம் வண்டியில் உட்கார்ந்து பின்னால் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவளைப் பார்த்தேன். ஃபிர்மின் ஜன்னலை இறக்கி, "உக்காரு! உக்காந்து ஓட்டு!" என்று கத்தினார். அவள் உட்கார்ந்தாள்.

உலகப் போட்டிக்கு இடம் கிடைக்கிற வரிசையில் அவள் வரவில்லை. கோட்டைத் தாண்டியதும் சைக்கிளிலிருந்து இறங்க முடியவில்லை. நானும் மெக்கானிக்கும் இரண்டு பக்கமும் தூக்கி இறக்கினோம். மூன்று நாளில் காய்ச்சல் வந்து உள்ளே சீழ் கட்டியது. நகரத்து ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். ஆறவில்லை, மறுபடி அறுத்தார்கள். அதற்கப்புறம் இன்னொரு தடவை. என்ன எடுத்தார்கள், எதைத் தைத்தார்கள் என்று அவளுக்கே முழுதாக யாரும் சொல்லவில்லை. படுக்கை ஓரத்தில் நின்று டாக்டர் சொன்னதை நான் கேட்டேன்.

"சைக்கிள் பொம்பளைங்களுக்கு ஆகாதும்மா. விட்டுரு. கல்யாணம் பண்ணு, பிள்ள பெத்துக்க, எல்லாம் சரியாப் போகும்."

"சீட்டுதான் டாக்டர் ஆகாதது" என்றாள் ஹெட்விக்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஃபிர்மின் பூங்கொத்து அனுப்பினார், வரவில்லை. டீமில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்தாள். அதே சீட்டில் உட்கார்ந்தாள். நான் அந்த வருஷக் கடைசியில் நின்றுவிட்டேன், பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனேன்.

ஹெட்விக் கல்யாணமும் பண்ணிக்கொண்டாள். வால்டேர் என்று ஒருவன், லாரி ஓட்டுகிறவன், கெட்டவன் இல்லை. மூன்று வருஷம்கூட நிற்கவில்லை. படுக்கையில் பெண்டாட்டி வலியால் பல்லைக் கடிக்கிறதை ஒரு ஆம்பளை எத்தனை நாள் பொறுப்பான் என்று ஊர் கேட்டது. அவள் எத்தனை நாள் பொறுத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை இல்லை. ஓமர் போன பிறகு கடையை எடுத்துக்கொண்டாள். சைக்கிள் என்ன, நாற்காலியில்கூட அரைமணிக்கு மேல் அவளால் உட்கார முடியாது. வேலை நின்றுகொண்டு பார்க்கிற வேலை என்பதால் வெளியாருக்குத் தெரியவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து ஆண்களுக்குக் "கீழ" மரத்துப்போக ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று சொல்வது தப்பு, அவர்களுக்கும் எப்போதும் மரத்துப் போயிருக்கும். அப்போதுதான் வெளியே சொல்ல ஆரம்பித்தார்கள். மெலிந்த சீட்டில் நாள் முழுக்கக் குனிந்து ஓட்டினால் ஆண்மை போய்விடும் என்று எங்கோ ஒரு டாக்டர் எழுதிவிட்டாராம். அவ்வளவுதான், பத்திரிகை பூராவும் அதே பேச்சு. படம் போட்டு நரம்பு எங்கே ஓடுகிறது என்று காட்டினார்கள். எலும்பு, பாரம், குனிவது, நிமிர்வது. நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்களோ அதற்கேற்ற சீட் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஹெட்விக் அந்தத் தாளில்தான் ஈரல் மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மடிக்காமல் எனக்கு எடுத்து வைத்திருந்தாள். அந்தச் சீட் கம்பெனி புதுச் சீட் விட்டிருந்தது. நடுவில் விரல் அகலத்துக்கு நீளப் பள்ளம், பின்பக்கம் அகலம். பள்ளத்தின் ஒரு பக்கம் லேசான சரிவுகூட இருந்தது. முதலில் ஆண்களுக்கு விட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அதையே ஊதா நிறத்தில் பெண்களுக்கு விட்டார்கள். விளம்பரத்தில் ஃபிர்மின் நின்றார். பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் காது கொடுத்துக் கேட்டவர் என்று அவர் படத்துக்குக் கீழே போட்டிருந்தது.

அந்த விளம்பரம் வந்த சனிக்கிழமையே அவள் அங்கியோடு கிளம்பி, ஃபிர்மின் எப்போதும் உட்கார்ந்திருக்கும் காப்பிக் கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவருக்கு வயதாகியிருந்தது, ஆனால் சுற்றி நாலு பேர் எப்போதும் போல இருந்தார்கள்.

"வா, வா, ஓமர் பொண்ணு! என்ன குடிக்கிற?"

விளம்பரத் தாளை மேஜையில் வைத்தாள். "இது யாரு வெட்டுனது?"

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "நல்லா வந்திருக்குல்ல படம்? ஆராய்ச்சிம்மா இது. கம்ப்யூட்டர் வச்சுப் பண்ணது."

"எங்கிட்டேருந்து பையில போட்டு எடுத்துட்டுப் போனாரே, அது?"

"எது?"

"நான் வெட்டுன சீட்டு."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார் என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பிறகு முகம் மலர்ந்தது. "ஆமா ஆமா! ஒரு பொண்ணு சீட்ட வெட்டிச்சு, ஞாபகம் வருது. அது அந்தக் குட்டப் பொண்ணு இல்ல? செம்பட்ட முடி? என்னா சேட்ட பண்ணுவா!" சுற்றியிருந்தவர்களிடம் திரும்பினார். "எங்க பொண்ணுங்க கத்தி எடுத்து சீட்ட வெட்டிருவாளுங்கன்னா பாத்துக்குங்க!"

நாலு பேரும் சிரித்தார்கள். ஹெட்விக்குக்குக் கரும்பழுப்புத் தலைமுடி, ஃபிர்மினைவிட உயரம்.

"நாந்தான் அது" என்றாள்.

"நீயா? நீ நல்லா ஓட்டுவியே. பாதியில விட்டுட்ட. கல்யாணம் ஆச்சுல்ல உனக்கு?"

ஹெட்விக் தாளை எடுத்து மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் நான்தான் கம்பெனிக்கு எழுதலாம், வக்கீலைப் பார்க்கலாம் என்று படபடத்தேன். "என்னத்தக் காட்டுவ?" என்றாள். "சீட்டு அவங்ககிட்ட இருக்கு. எங்கிட்ட இருக்கிறத வக்கீல்கிட்ட காட்ட முடியாது."

ஃபிர்மின் போன வருஷம் இலையுதிர் காலத்தில் செத்தார். தேவாலயம் நிரம்பி வழிந்தது. வாசலில் பழைய ஓட்டக்காரர்கள் சைக்கிளோடு இரண்டு வரிசையாக நின்றார்கள். ஊரில் இருக்கிற ஒரே கறிக்கடை என்பதால், அடக்கத்துக்குப் பிந்தைய சாப்பாட்டுக்கு ஹெட்விக்கிடம்தான் சொல்லியிருந்தார்கள். நல்ல சரக்காகத்தான் அனுப்பினாள். நான் அதைச் சொல்லிக் காட்டியபோது, "செத்தவனா திங்கப்போறான்?" என்றாள்.

வரமாட்டாள் என்றிருந்தேன், வந்தாள். பழைய டீம் பெண்களுக்கென்று முன்வரிசை ஒதுக்கியிருந்தார்கள். தேவாலய பெஞ்சு வெறும் மரம். அவள் பின்சுவர் ஓரத்தில் தூணை ஒட்டி நின்றுகொண்டாள். பூசை நீண்டது. ஃபிர்மினின் மகன் பேசினான், நகர மேயர் பேசினார், சைக்கிள் சங்கத்தார் பேசினார்கள். பெண்களைச் சொந்த மகள்களைப் போலப் பார்த்துக்கொண்டார் என்று எல்லோருமே சொன்னார்கள். அவள் அத்தனை நேரமும் நின்றாள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார், தலையசைத்து மறுத்துவிட்டாள்.

வெளியே வந்தபோது மேயர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கவனிச்சேம்மா. பூசை பூரா உக்காரவே இல்ல நீங்க. இந்தக் காலத்துல இப்படி மரியாத யாரு குடுக்குறா? ஃபிர்மின் மனசு குளிர்ந்திருக்கும்."

பக்கத்திலிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னால் தாங்க முடியவில்லை. "ஐயா, அவ ஏன் உக்காரலன்னா..." என்று ஆரம்பித்தேன்.

ஹெட்விக் என் முழங்கையை இறுகப் பிடித்தாள். "ஆமாங்க" என்றாள் மேயரிடம். "நல்ல மனுஷர்."

தெருமுனை திரும்பியதும் நான் கையை உதறினேன். "எதுக்குடி அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்லணும்? அத்தன பேருக்கு நடுவுல, மேயர்கிட்ட, எதுக்கு நிக்கிறேன்னு விளக்கணுமா? நாளைக்குக் கடைக்கு வர்றவன் எல்லாம் கறியையா பாப்பான்?" கோட்டுப் பையிலிருந்து கடைச் சாவியை எடுத்தாள். "மரியாதன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். அவங்க எனக்குக் குடுத்தது அது ஒண்ணுதான்."

கடை வாசலில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. சனிக்கிழமை அல்லவா. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள், கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டினாள், அங்கியைக் கட்டிக்கொண்டாள்.

"யாரு மொதல்ல வந்தது?" என்றாள்.